குமிழ் வைத்த கைபேசி

பீமராவ் அதை மேசையின்மேல் வைத்தபோது அது ஒரு கைபேசி என்று எனக்குத் தோன்றவில்லை. மனிதர் குளியலறைச் சோப்பைக் கூடத்துக்குக் கொண்டுவந்து காட்டுகிறாரே என்றுதான் நினைத்தேன். சாலைப்பணி நடக்குமிடத்தில் கூம்பு வைப்பார்களே, அந்தக் கூம்பின் நிறம். கைக்கு அடங்காத தடிப்பு. முதுகு முழுவதும், துணி துவைக்கும் கல்லைக் கொத்திவிட்டதுபோல வரிவரியாக மேடுகள். மூன்று மூலைகளில் திருகாணிகள் வெட்கமின்றி வெளியே தெரிந்தன. நான்காவது மூலையில், அந்தக் காலத்து வானொலிப் பெட்டியில் நிலையம் மாற்றுவதற்கு ஒரு குமிழ் இருக்குமே, அதைப் போன்ற ஒன்று துருத்திக்கொண்டு நின்றது.

"எப்படி இருக்கு, தமிழய்யா?" என்றார் ராவ்.

"ஆணியெல்லாம் வெளியில தெரியுதே ராவ். ஆசாரி வேலைய முடிக்காம சாப்பிடப் போயிட்டாரா?"

"அதுதான் ஓய் டிசைனே! பெங்களூர்ல பசங்க இதுக்குப் பைத்தியமா அலையறாங்களாம். விலையும் கம்மி."

"கம்மிங்கிறது பார்த்தாலே தெரியுது."

ராவும் நானும் ஒரே பள்ளியில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள். அவர் கணிதம், நான் தமிழ். ராவுடையது வீட்டில் மராத்தி பேசும் குடும்பம். ஸ்ரீரங்கம் கீழச்சித்திரை வீதியில் மூன்று தலைமுறையாக இருக்கிறார்கள். புதிதாக எந்தப் பொருள் சந்தைக்கு வந்தாலும் அதை வாங்கிவிட்டுத்தான் அது எதற்குப் பயன்படும் என்று யோசிப்பார். அன்று நானும் என் மனைவி சகாயம்மாளும் பாலக்கரையிலிருந்து அவரைப் பார்க்கச் சென்றிருந்தோம்.

ஒரு கருவிக்கு முகம் என்பதும் முதுகு என்பதும் எதற்காக இருக்கின்றன? பயன்படுத்தும் பக்கம் முகம். மறைக்க வேண்டியவற்றை மறைக்கும் பக்கம் முதுகு. இந்தக் கைபேசியை வடிவமைத்தவருக்கு அந்த வேறுபாடே தெரியவில்லை. கதவின் கீலை நடுக்கூடத்தில் மாட்டிவைத்து அழகு என்று சொல்பவர்களும் இந்த நாட்டில் இருக்கிறார்கள். அவர்களுள் ஒருவராக இருக்கக்கூடும். இவ்வாறெல்லாம் நான் ராவிடம் சொல்லிக்கொண்டிருக்கையில், சகாயம்மாள் கையை நீட்டினாள்.

"குடுங்க அண்ணே, பாப்போம்."

பார்ப்போம் என்றுதான் அவள் இன்னமும் சொல்வாள். கண் அழுத்த நோய் அவளுடைய பார்வையைக் கொஞ்சங்கொஞ்சமாக எடுத்துக்கொண்டது. இப்போது வெளிச்சமும் இருட்டும் மட்டுமே தெரிகின்றன. மருத்துவர்கள் அதற்குமேல் எதையும் மீட்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

ராவ் கைபேசியை அவளது கையில் வைத்தார். அவள் விரல்கள் மேடுகளின்மீது சென்றன. "இது முதுகு" என்றாள். குமிழைத் தொட்டாள். "இது தலை. தலகீழாப் பிடிச்சா உடனே தெரிஞ்சிரும்." பிறகு குமிழை மெல்லத் திருப்பினாள். 'கடக்' என்றது. இன்னொரு முறை திருப்பினாள். மறுபடியும் 'கடக்'.

"ஒவ்வொரு திருப்புக்கும் ஒண்ணு நகருதா?"

"ஆமாம்மா. திருப்பினா அடுத்ததுக்குப் போகும், அழுத்தினா திறக்கும்" என்ற ராவ், சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். "இருங்க இருங்க. இதுல வாசிச்சுக் காட்டுற வசதி ஒண்ணு எங்கயோ பார்த்தேனே."

அதைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் காபி ஆறிவிட்டது. பின்னர் சகாயம்மாள் குமிழைத் திருப்பியபோது, கைபேசிக்குள்ளிருந்து ஒரு பெண்குரல், 'தொலைபேசி' என்றது. கடக். 'செய்திகள்.' கடக். 'கடிகாரம்.' எங்கே நிறுத்த வேண்டும், எங்கே மூச்சு விட வேண்டும் என்று எதுவும் அறியாத குரல். நான் அதை எடுத்துச் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. விடைபெறும் வரையில் சகாயம்மாள் அந்தக் குமிழைத் திருப்பிக்கொண்டே இருந்தாள்.

பேருந்தில் ஏறியதும் சொன்னாள். "ஏங்க, எனக்கு இது வேணும்."

ஏன் வேண்டும் என்பதை அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எங்கள் பங்கில், அதாவது எங்கள் தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதியில், ஏறக்குறைய முப்பது வீடுகளைச் சேர்த்து ஓர் அன்பியம் என்பார்கள். வாரந்தோறும் ஒரு வீட்டில் கூடிச் செபிப்பதும், ஒருவருக்கு நோய் என்றால் மற்றவர்கள் சென்று நிற்பதும் அதன் வேலை. எங்கள் அன்பியத்துக்குச் சகாயம்மாள்தான் நெடுங்காலமாகப் பொறுப்பாளர். முன்பு அவள் வீடு வீடாக நடந்து செய்தி சொல்வாள். பிறகு எல்லாம் வாட்ஸ்அப் குழு என்றாகிவிட்டது. பார்வை போனபின் அவளுடைய பழைய கைபேசி வெறும் கண்ணாடிச் சில்லாகிவிட்டது. எது மேல், எது கீழ் என்று தெரியாமல் அதன் பின்புறத்தை நோக்கிப் பேசுவாள். விரல் பட்டு யாருக்கோ அழைப்பு போகும். ஒருமுறை விடியற்காலையில் பங்குத்தந்தையையே எழுப்பிவிட்டாள். ஆகவே, அவள் சார்பில் குழுவுக்குச் செய்தி எழுதும் பணியை நான் ஏற்றேன்.

அந்தக் குழுவில் எழுதப்படும் தமிழைப் பற்றி நான் இங்கே பேசப்போவதில்லை. பேசினால் நிறுத்த மாட்டேன். நான் எழுதியவை முறையாக எழுதப்பட்டன என்பதை மட்டும் சொல்கிறேன். பொன்மலைப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தைரியராஜ் வீட்டில் செபம் என்ற வாரம், பின்வருமாறு எழுதினேன்: 'பேரன்புடையீர், நம் அன்பியத்தின் மூத்த உறுப்பினர் திரு. தைரியராஜ் அவர்களது இல்லத்தில் இன்று மாலை அனைவரும் கூடி, அன்னாரின் குடும்பத்தாரோடு இணைந்து இறைவனிடம் மன்றாடத் தவறாது வருகை தருமாறு ஆழ்ந்த பணிவுடன் வேண்டுகிறோம்.'

இதில் பிழை எங்கே இருக்கிறது? யாராவது காட்டட்டும். ஆயினும், அன்று மாலை இரண்டு குடும்பத்தார் ரோஜா மாலையோடு துக்கம் கேட்கத் தைரியராஜ் வீட்டுக்குச் சென்றார்கள். கைலியும் பனியனுமாக, கையில் முறுக்கோடு, அவரே கதவைத் திறந்தார்.

அன்றிலிருந்து அவர், பொறுப்பாளரை மாற்ற வேண்டும் என்று சொல்லத் தொடங்கினார். தம் மருமகள் லிசியைச் சொன்னார். லிசி கெட்ட பெண் அல்லள். கைபேசியைக் கண்ணை மூடிக்கொண்டே இயக்குவாள். ஆனால், திருமணமாகி இந்தத் தெருவுக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. யார் வீட்டில் யாருக்கு என்ன நோவு என்று அவளுக்குத் தெரியாது.

சிங்காரத்தோப்புக் கடையில் அந்தக் கைபேசி இருந்தது. கடைக்காரர் கண்ணாடிப் பேழையைத் திறந்து, "ஆரஞ்சு, கறுப்பு, பச்சை மூணும் இருக்குங்கம்மா. எந்தக் கலர் வேணும்?" என்றார்.

"எனக்குக் கலர் எதுக்குங்க? சாருக்குப் பிடிக்காதது எதுவோ அதைக் குடுங்க. வீட்ல வேற யாரும் எடுக்க மாட்டாங்க" என்றாள் சகாயம்மாள்.

ஆரஞ்சு நிறத்தையே வாங்கினோம்.

முதல் சில நாள்கள் எங்கள் வீட்டில் 'கடக், கடக்' என்ற ஒலியைத் தவிர வேறு ஒலி இல்லை. அவள் குமிழைத் திருப்புவாள். குரல் ஒவ்வொன்றாகச் சொல்லும். வேண்டிய இடம் வந்ததும் அழுத்துவாள். அவசரத்தில் ஒரு திருப்புக் கூடிவிட்டால் கடிகாரம் மணி அடிக்கும். குழுவைத் திறந்து, குமிழை அழுத்திப் பிடித்தபடி பேசினால் அவளுடைய குரலே செய்தியாகப் போய்விடும் என்பதைக் கண்டுபிடித்ததும் எழுந்து நின்றுவிட்டாள்.

நான் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு அமர்ந்து உதவினேன்.

"'வச்சிக்குவோம்'னு சொல்லாதே. 'வைத்துக்கொள்வோம்'னு சொல்லு."

"நான் பேசறேங்க. எழுதலை."

"பேசினாலும் முப்பது வீடு கேக்குதே."

"அந்த முப்பது வீடும் என்னை மாதிரிதான் பேசுது."

நான் நாற்காலியைப் பழைய இடத்தில் போட்டேன்.

வியாழக்கிழமை தைரியராஜ் என் கைபேசிக்கு அழைத்தார். அவர் குரல் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்.

"சார், உங்க வீட்டம்மா குரூப்புல ஒரு வாய்ஸ் போட்டிருக்காங்க. குக்கர் விசில் அடிக்குது. அப்புறம் நீங்க 'உப்பு போட்டியா'ன்னு கேக்குறீங்க. இதுக்கு நாங்க ஆமென் சொல்லணுமா?"

"பழகிக்கொண்டிருக்கிறாள்" என்றேன். சினம் வந்தால் எனக்குப் பேச்சும் எழுத்துநடையாகிவிடும்.

"எனக்கு அக்கா மேல வருத்தமே இல்ல சார். அவங்க செஞ்சதை யாரும் மறக்கலை. ஆனா சேதி ஒழுங்காப் போகணும்ல? ஒண்ணு நீங்க எழுதி எனக்கு மாலை வருது. இல்லாட்டி குக்கர் வருது. சனிக்கிழமை நம்ம அன்பியத்து ரோசரி வீட்டு ஜெபத்துல பேசி முடிச்சிருவோம். லிசி பாத்துக்கும்."

சகாயம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். குமிழிலிருந்து விரலை எடுத்தாள்.

"யார் வீட்ல சாவுன்னாலும் முதல் ஆளாப் போய் நின்னவ நான். கண்ணுதானே போச்சு, காலும் வாயும் போயிடுச்சா?" என்றாள்.

இந்த அநீதியைப் பங்குத்தந்தைக்கு எழுதியே தீர்வது என்று நான் தாளை எடுத்தேன். தாளின் சலசலப்பு அவளுக்குக் கேட்டுவிட்டது.

"நீங்க எழுதாதீங்க. எழுதினா ஃபாதரும் மாலையோட வந்துருவாரு. சனிக்கிழமை வரைக்கும் நேரம் இருக்குல்ல, விடுங்க."

சனிக்கிழமை மதிய உணவுக்குப் பின், ராவ் வீட்டு அடுக்குப் பாத்திரம் ஒன்று நம்மிடமே தங்கிவிட்டது, அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வாருங்கள் என்றாள். அது நெடுநாளாக எங்கள் வீட்டில்தான் இருந்தது. அன்றைக்கே திருப்பித் தரவேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. நான் அருகில் இல்லாமல் பழகிப் பார்க்க விரும்புகிறாள் என்று புரிந்துகொண்டு, சற்று மனத்தாங்கலுடனேயே பேருந்து ஏறினேன்.

திரும்பி வரும்போது பேருந்து காவிரிப் பாலத்தில் நின்றுவிட்டது. முன்னே ஏதோ ஒரு வண்டி பழுதாகி வழியை அடைத்திருந்தது. மணி ஐந்தைத் தாண்டியிருந்தது; ஆறரைக்கு ரோசரி வீட்டில் செபம். நேரம் பார்ப்பதற்காகப் பையிலிருந்து என் கைபேசியை எடுத்தபோது, சகாயம்மாள் பலமுறை அழைத்திருப்பது தெரிந்தது. திரும்ப அழைத்தேன், அவள் எண் வேறோர் அழைப்பில் இருந்தது. மீண்டும் அழைத்தேன்; அப்படியேதான். அவள் வீட்டில் தனியாக இருக்கிறாள்.

அப்போது அன்பியக் குழுவில் ஒரு குரல்செய்தி வந்து விழுந்தது. அழுத்தினேன். ஒலியைக் குறைக்க எனக்குத் தோன்றவில்லை. பேருந்து முழுவதும் கேட்டது.

"எல்லாரும் கேளுங்க. சகாயம் பேசறேன். இன்னிக்கு ரோசரி வீட்ல ஜெபம் இல்ல. அவ மாமனாருக்கு மூச்சு வாங்குது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கா. இப்பத்தான் பேசினேன், ஆக்சிஜன் வச்சிருக்காங்க, பயப்பட ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதனால யாரும் கும்பலா ஆஸ்பத்திரிக்கு ஓடாதீங்க. ஜெபத்தை நம்ம வீட்ல வச்சிக்குவோம், அதே ஆறரை மணி. லிசி, நீ கேக்கறியா? ரோசரி பிள்ளைங்க ரெண்டும் டியூஷன் விட்டு வரும், வீடு பூட்டியிருக்கும். வாசல்லயே நிக்கும்ங்க. நீ போய்க் கூட்டிட்டு வந்துரு. சின்னதுக்கு வேர்க்கடலை ஆகாது, பாத்துக் குடு. செல்லக்கண்ணு, உன் வண்டிய எடுத்துட்டு ஆஸ்பத்திரிக்குப் போ. ரோசரி ஒத்தையா நிக்கிறா. பெரியவரைத் தூக்கி உக்கார வைக்க ஒரு ஆம்பள வேணும். தைரியராஜ் அண்ணே, பாய் எல்லாம் ரோசரி வீட்டு மாடியில கெடக்கு. வெளிப்படி வழியா ஏறி எடுத்துட்டு வந்துருங்க. எங்க சார் ஸ்ரீரங்கம் போயிருக்காரு. வந்தா வருவாரு, வராட்டி நாம ஆரம்பிச்சிருவோம்."

செய்தி முடிந்தது. அதில் நான் திருத்தத் தக்க இடங்கள் பல இருந்தன. அவற்றை எண்ணத் தொடங்கினேன். எண்ணிக்கொண்டிருக்கும்போதே, நானாக இருந்தால் 'தவிர்க்க இயலாத காரணத்தால் இடம் மாற்றப்பட்டுள்ளது' என்று ஒரே வாக்கியத்தில் முடித்திருப்பேன் என்பதும், அந்த வாக்கியத்தில் பூட்டிய வாசலில் நிற்கும் பிள்ளைகள் இருந்திருக்க மாட்டார்கள் என்பதும் தோன்றின. எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

முன்னிருக்கையில் பூக்கூடையுடன் அமர்ந்திருந்த ஓர் அம்மாள் திரும்பினார்.

"ஐயா, அந்தப் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்துட்டாங்களான்னு கேளுங்க."

"இப்பத்தானேம்மா சொல்லியிருக்காங்க."

"கேளுங்கன்னா. பொழுது சாயப்போகுதுல்ல?"

கேட்கத் தேவையிருக்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகப் பதில்கள் வரத் தொடங்கின. செல்லக்கண்ணு புறப்பட்டுவிட்டான். யாரோ இரவுக்கு இட்லி அனுப்புவதாகச் சொன்னார். பேருந்து நகரத் தொடங்கியபோது லிசியின் குரல் வந்தது. "அத்தை, பிள்ளைங்க ரெண்டும் எங்கூடத்தான் இருக்காங்க. சின்னவன் வேர்க்கடலைதான் வேணும்னு அழறான்."

பூக்கார அம்மாள் திருப்தியோடு முன்பக்கம் திரும்பிக்கொண்டார். நான் இறங்கும்போது, "உங்க வீட்டம்மாவா? நல்லாப் பேசுறாங்க" என்றார். ஆம் என்று சொன்னேன்.

நான் வீட்டை அடைந்தபோது கூடம் நிறைந்திருந்தது. என் செருப்பை வைக்க வாசலில் இடமில்லை. முதல் பாடலைப் பாடி முடித்திருந்தார்கள். பாய்களை விரித்துவிட்டு, நடுவில் கால்களை மடக்கி அமர்ந்திருந்தார் தைரியராஜ். மாடிப்படி ஏறிய களைப்பு முகத்தில் தெரிந்தது. சகாயம்மாளின் மடியில், சேலை மடிப்பின்மேல், அந்த ஆரஞ்சுச் சோப்பு கிடந்தது.

செபம் முடிந்து சுண்டல் தட்டுகள் வந்தன. தைரியராஜ் தொண்டையைக் கனைத்தார். அடுத்து என்ன என்பது எல்லாருக்கும் தெரியும்.

"அக்கா, இன்னிக்கு நீங்க செஞ்சதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு கேக்கணும். நீங்க பேசி அனுப்பிட்டீங்க, சரி. வர்ற பதிலைப் படிக்கிறது யாரு? திரும்பவும் சார்தானே?"

நான் எழுந்தேன். எனக்குள் ஒரு முழுச் சொற்பொழிவு தயாராக இருந்தது. சகாயம்மாள் என் பக்கம் கையை நீட்டி, உட்காருங்கள் என்பதுபோலக் கீழ்நோக்கி அசைத்தாள். நான் நிற்பது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

அவள் கைபேசியை எடுத்தாள். தலை எது என்று விரலால் பார்த்தாள். கடக். கடக். கடக். அழுத்தினாள். மூச்சே விடாத அந்தப் பெண்குரல், முப்பது வீட்டார் முன்னிலையில், ஒரே சீராக வாசித்தது:

"தைரியராஜ். அக்கா பாய் எடுத்தாச்சு. ஒரு பாய் கிழிஞ்சிருக்கு. படி ரொம்ப மோசம். எனக்கு முழங்கால் வலி. காபி போட்டு வைங்க."

கூடம் சிரித்தது. யாருக்கோ சுண்டல் புரையேறியது. லிசி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"காபி ஃபிளாஸ்க்ல இருக்குண்ணே. நீங்க கேட்டதுமே போட்டுட்டேன்" என்றாள் சகாயம்மாள்.

தைரியராஜ் சுண்டல் தட்டைக் கீழே வைத்தார். பிறகு அவரும் சிரித்துவிட்டார். "இந்தப் பொம்பள என் முழங்காலை ஊருக்கே சொல்லிருச்சே" என்று கைபேசியைக் காட்டிச் சொன்னார். லிசியின் பக்கம் திரும்பி, "நீ என்னம்மா சொல்றே?" என்றார்.

"எனக்கு வேணாம் மாமா. ரோசரி அக்கா பிள்ளைங்க டியூஷன் போறதே எனக்குத் தெரியாது. அத்தை சொன்னா நான் ஓடியாடிச் செய்றேன்."

"அப்ப அக்காவே இருக்கட்டும்" என்றார் தைரியராஜ். வேறு யாரும் எதுவும் சொல்லவில்லை. சுண்டலைத்தான் இரண்டாம் முறை கேட்டார்கள். காபியை ஊற்றிக்கொண்டே அவர் என்னிடம், "சார், நீங்க இனிமே எழுத வேணாம்ல?" என்று கேட்டார். அந்தக் குரலில் தொனித்த நிம்மதியை நான் கவனிக்காதவன்போல இருந்துவிட்டேன்.

அந்தக் கைபேசியின் தோற்றத்தைப் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை. இன்றும் கூடத்தின் மூலையில் அது கிடப்பதைப் பார்த்தால் எடுத்துக் குளியலறையில் வைக்கத்தான் கை போகிறது. திருகாணிகளை மறைத்திருக்கலாம், வேறொரு நிறம் கொடுத்திருக்கலாம். ஆனால் குமிழை எடுத்துவிட வேண்டும் என்று இப்போது நான் சொல்வதில்லை.

ரோசரியின் மாமனார் வீடு திரும்பிவிட்டார். அடுத்த வாரச் செபம் செல்லக்கண்ணு வீட்டில். வெள்ளிக்கிழமை காலை நான் நாளிதழைப் படித்துக்கொண்டிருந்தேன். சகாயம்மாள் எதிரே அமர்ந்து குமிழை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"எல்லாரும் கேளுங்க. நாளைக்குச் செல்லக்கண்ணு வீட்ல. மூணாவது மாடி. நானே ஏறி வரேன், அதனால முழங்கால் வலின்னு யாரும் சொல்லக் கூடாது. பாட்டு லிசி. வாசகம் எங்க சார் படிப்பாரு. படிச்சிட்டு விளக்கம் சொல்ல மாட்டேன்னு ஒத்துக்கிட்டாரு."

நாளிதழைத் தாழ்த்தினேன். "நான் எப்போது ஒத்துக்கொண்டேன்?"

அவள் காதில் வாங்கவில்லை. குமிழைத் திருப்பிக்கொண்டிருந்தாள், அதற்குள் பதில்கள் வந்துவிட்டன. அந்தப் பெண்குரல் படக்குறிகளையும் விடாமல் ஒவ்வொன்றாக வாசித்தது. "தைரியராஜ். கூப்பிய கைகள். கூப்பிய கைகள். கூப்பிய கைகள்."

சகாயம்மாள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் எழுந்து விவிலியத்தை எடுத்து, அந்த வாரத்துக்குரிய பகுதி எவ்வளவு நீளம் என்று பார்த்தேன். நல்ல நீளந்தான். ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்க்கத் தொடங்கினேன்.